இலை ஒரு வழி, விதை ஒரு வழி

காய்கறிக் கடையில் கறிவேப்பிலையோடு சேர்ந்து கொசுறாகப் பைக்குள் விழும் கொத்தமல்லிக்கு 8,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சாக்கடல் பக்கத்து நகால் ஹெமார் குகையில், கற்கால மனிதர்கள் விட்டுச்சென்ற பொருட்களுக்கிடையே மல்லி விதைகள் கிடைத்தன.

1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த எகிப்து மன்னன் துத்தன்காமுனின் கல்லறையில் தங்கத்தோடு ஏறக்குறைய அரை லிட்டர் மல்லி விதையும் இருந்தது. எகிப்தில் மல்லி தானாக முளைக்கும் காட்டுச் செடி அல்ல. ஆகவே யாரோ வெளியிலிருந்து விதை கொண்டுவந்து, அங்கே பயிரிடவும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த தடயம் ஒரு தீ விபத்தால் பிழைத்தது. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனை சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் எரிந்தபோது, கணக்கர்கள் எழுதிவைத்த களிமண் பலகைகள் சுட்டு இறுகிவிட்டன. அவற்றில் ஒன்று, துயெஸ்தேஸ் என்ற வாசனைத் தைலக்காரருக்குக் கொடுத்த சரக்குகளின் பட்டியல். அதில் மல்லி விதையும் இருக்கிறது. நாம் இரசத்தில் போடுவதை அவர்கள் உடம்பில் பூசியிருக்கிறார்கள்! இந்தியாவிலும் பாணினி காலத்துக்குள் மல்லி வேரூன்றிவிட்டது. அவருடைய இலக்கணத்தில் அதன் பெயருக்கென்றே ஒரு சூத்திரம் உண்டு.

ஐரோப்பாவில்தான் இலையும் விதையும் வழி பிரிந்தன. ஆங்கிலேயர் ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் பச்சைச் செடியை நாற்றம் பிடித்தது, நஞ்சுத்தன்மை கொண்டது என்று ஒதுக்கினார். காய்ந்த விதையை வயிற்றுக்கு நல்லதென்று ஏற்றுக்கொண்டார். அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது. இலையின் மணம் ஆல்டிஹைடுகளால் வருவது. அவற்றின் உறவுக்காரச் சேர்மங்களை மூட்டைப்பூச்சியும் வெளியிடுகிறது. காய் முற்றிக் காயும்போது அந்த வாடை அடங்கி, லாவெண்டரிலும் உள்ள லினலூல் மேலோங்குகிறது. ஒரே செடி, இரண்டு சரக்கு.

விதைக்கு அங்கே ராஜ உபசாரம்தான். ஜின் மதுவில் ஜூனிப்பருக்கு அடுத்த இடம் அதற்கு. இத்தாலியர்கள் அதற்குச் சர்க்கரைப் பூச்சுக் கொடுத்துத் திருவிழாக் கூட்டத்தின்மீது அள்ளி வீசினார்கள். சர்க்கரை விலை கட்டுப்படியாகாதவர்கள் சுண்ணாம்புச் சாந்து உருண்டைகளை வீசினார்கள், பட்டால் வலிக்கும். 1875 வாக்கில் மிலான் பக்கத்து என்ரிகோ மாஞ்சிலி என்பவர், பட்டுப்புழு வளர்ப்புக்காகத் துளையிட்ட காகிதங்களிலிருந்து உதிர்ந்த வட்டத் துணுக்குகளை அவற்றுக்கு மாற்றாக விற்கத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். கல்யாணங்களில் நாம் தூவும் வண்ணக் காகிதத்தை இத்தாலியர்கள் இன்றும் மல்லியின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இலையைக் கைவிடாதவர்களில் போர்ச்சுகீசியரும் உண்டு. ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோ போன மல்லி, மிளகாயோடும் தக்காளியோடும் எவ்வளவு ஒட்டிக்கொண்டதென்றால், அதை அந்த மண்ணின் செடி என்றே பலர் நினைக்கிறார்கள். அங்கே அதே மணத்தோடு, நீண்ட, பல்வெட்டிய இலைகளுடன் வேறொரு செடி முன்பே இருந்தது. அது பின்னாளில் எதிர்த்திசையில் பயணப்பட்டு வியட்நாம் சூப்பிலும் கேரளத் தோட்டங்களிலும் குடியேறிவிட்டது. பிறந்தது அமெரிக்காவில், கேரளத்தில் பெயரோ ஆப்பிரிக்கன் மல்லி.

மருந்துப் பெருமையும் கூடவே பயணித்தது. செரிமானத்துக்கு விதை என்பது ஜெரார்டுக்கும் நம் சுக்குமல்லிக் காப்பிக்கும் பொதுவான நம்பிக்கை. இலையில் வைட்டமின் கே, ஏ, சி நிறைய உண்டு. சி சூட்டில் அழியும் என்பதால், அடுப்பை அணைத்த பிறகு தூவுகிற நம் வழக்கம் மிகச் சரியானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கட்டுக்கட்டாகத் தின்னத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். உடலிலுள்ள பாதரசத்தை மல்லிச்சாறு வெளியேற்றும் என்ற பேச்சுக்கு நம்பத்தக்க சான்று இல்லை.

இலை சோப்புப்போல இருக்கிறது என்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். மணம் அறியும் ஒரு மரபணுவோடு அதற்குத் தொடர்பிருப்பதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு டொரான்டோ இளைஞர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், கிழக்காசியர்களில் 21 சதவீதத்தினருக்கு இலை பிடிக்கவில்லை. தெற்காசியர்களில் 7 சதவீதம், மத்தியக் கிழக்கினரில் 3 சதவீதம் மட்டுமே. பழக்கத்துக்கும் இதில் பங்கிருக்கலாம். இலையை அரைத்தால் அதன் நொதிகளே ஆல்டிஹைடுகளைச் சிதைத்துவிடும். ஆகவே தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவர்கள் துவையலில் தொடங்கிப் பார்க்கலாம்.