மார்க்கோ போலோ பார்த்த வட்டம்

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியது பலருக்கும் தெரியும். மூச்சடக்கிக் கடலில் இறங்குபவர்கள், மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுபவர்கள், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறா கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று விவரமாகச் சொல்லியிருப்பார். அதே மாபார் பகுதியில், அதாவது பாண்டிய நாட்டைப் பற்றிய பகுதியில், கடன் வசூலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். முத்தைப் பேசுகிற அளவுக்கு நாம் அதைப் பேசுவதில்லை.

கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் வாங்கியவர் இன்று, நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவர் அவரை நேரில் பார்க்கும்போது சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனை அடைக்கும்வரை, அல்லது பிணை காட்டும்வரை, வாங்கியவர் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அரசனே ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பாக்கி வைத்திருந்தாராம். குதிரைமேல் வந்த அவரைச் சுற்றி வணிகர் வட்டம் போட, கணக்குத் தீரும்வரை அரசர் குதிரையை நகர்த்தவில்லை. இதைக் கண்ணால் கண்டதாகவே மார்க்கோ போலோ சொல்கிறார். அவர் குறிப்பிடும் காயல் துறைமுகம் தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயல் பக்கம்தான். ஆக, இது எங்கோ நடந்த கதை இல்லை.

கொடூரமான சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் சில எல்லைகள் இருந்தன. முதலில் பலமுறை கேட்டிருக்க வேண்டும். கேட்பவர் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். கடன் வாங்கியவரைச் சுற்றி மட்டும்தான் கோடு. அவருடைய தங்கையைச் சுற்றியோ பக்கத்து வீட்டுக்காரியைச் சுற்றியோ இல்லை.

அந்த வட்டத்துக்குள் நின்ற பெண் யாரையும் மார்க்கோ போலோ காட்டவில்லை. அதனால் அந்தக் காலத்துக் கடனில் பெண்ணுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. முத்துக்குளிப்பைப் பற்றி இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. குளிப்பவரின் கயிற்றை அவருடைய மச்சினன்தான் மேலே பிடித்துக்கொண்டிருப்பார். காரணம், தன் அக்காவோ தங்கையோ தாலி அறுப்பதை எந்தத் தம்பியும் அண்ணனும் விரும்பமாட்டார். பாசத்துக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. படகில் ஏறாத, கூலியில் பங்கு கேட்காத ஒரு பெண்ணின் வாழ்க்கைதான் அந்தத் தொழிலுக்குப் பிணை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு வரிசை. அதற்குப் பிறகு வள்ளமும் விசைப்படகும், சங்கும் மீனும், உப்பளமும் துறைமுகமும்தான் பிழைப்பு. ஆனால் பெண்ணைப் பிணையாக வைக்கும் வழக்கம் முத்தோடு போகவில்லை. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த குழுக்கடன் முறை இன்று நம் தெருக்களில் ‘குழு லோன்’ என்ற பெயரில் ஓடுகிறது. நிலம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதாவது ஈடாக வைப்பது பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை.

போன வருடம் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. கடன் என்னுடையது இல்லை. எங்கள் தெருவில் கருவாடு விற்கும் அக்கா ஒருவருடையது.

“மேடம், அவங்க போன எடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லன்னா உங்களையும் இதுல சேர்க்க வேண்டியிருக்கும்.”

“தம்பி, உங்க பேரு, கம்பெனி பேரு, லோன் நம்பர் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அப்போது மணி இரவு எட்டைத் தாண்டியிருந்தது.

அந்த அக்கா ஏன் கட்டவில்லை? அவர் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் படகுகள் கரையில் நிற்கும். தவணைக்கு அந்த விடுமுறை இல்லை, அது வாரா வாரம் வந்து நிற்கும். உப்பளத்துப் பெண்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நிற்கும்போதும் இதே கதைதான். வருமானம் பருவத்தைப் பார்த்து வருகிறது, கடன் காலண்டரைப் பார்த்து வருகிறது. இந்த இடைவெளிக்கு ‘ஒழுக்கமின்மை’ என்று பெயர் வைத்துப் பெண்களைத்தான் திட்டுகிறார்கள்.

கடன்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ‘தர்ணா’வை ஆங்கிலேயர் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவில் சேர்த்தார்கள். வாசலில் உட்கார்ந்து தெய்வக் குற்றம் வரும் என்று நம்ப வைத்துப் பணிய வைப்பது குற்றம் என்று அதில் உதாரணமே இருந்தது. இன்றைய தெய்வக் குற்றம், ‘போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவாய்’ என்பது. அதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவின்படி, பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக எந்தப் பெண்ணையும் நீதிமன்றம் கைதுசெய்ய உத்தரவிட முடியாது. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் ஒரு வசூல்காரருக்கு எங்கிருந்து வந்தது?

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் விதிகள் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் கடன்கள் இதில் அடங்கும். எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. விடாமல் அழைப்பது, மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, கடன் வாங்கியவரின் பெயரை ஊரறிய வெளியிடுவது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாம் தடை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகள், கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்றன. மீறினால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் அந்த அக்காவுக்குக் கடன் கொடுத்த அன்று யாரும் சொல்லவில்லை.

மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையிலும் இதே கதைதான். 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூல்காரர்களால் பெண்கள் வன்முறைக்கும் பாலியல் நெருக்கடிக்கும் ஆளாவதை வெளிப்படையாகச் சொன்னார். 2021 மார்ச் 8 அன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் உட்கார்ந்தார்கள். கடனை ரத்து செய்யச் சொன்னார்கள். அவமானத்தால் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்த தொழில் அது. அவர்கள் அந்த அவமானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து கடன் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார்கள். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, யார், என்ன பேசினார் என்று எழுதுகிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “உங்க பேரு என்ன?” பாதி அழைப்புகள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன.