நாட்டுக்காய் என்பது எது? ஸ்ரீரங்கத்துக் கொல்லைகளின் கதை



மாசி பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிக் கேள்வி என் போனுக்கு வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், மாடியில் தோட்டம் போடப் போகிறேன், எதைப் போடலாம்? நாட்டுக்காய் மட்டும்தான் போடவேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எதெல்லாம் நாட்டுக்காய்?" முதல் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

முதலில் நம் ஊரின் மண். மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி. கிழக்கே கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். ஆண்டாண்டு காலமாக ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் இது. குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள், அதில் பாதியாவது உண்மை.

இந்த மண்ணில் தோட்டம் என்பது விளையாட்டு விஷயமாக இருந்ததில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துத் துளசியும் பூவும் கட்டிக் கொடுத்தவர். ஆற்றுக்கு அக்கரையில், மலைக்கோட்டைத் தலபுராணமே ஒரு பூத்திருட்டைச் சுற்றி நடக்கிறது. சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்திப் பூக்களை ஒருவன் திருடி அரசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் அரசன் கேட்கவில்லை. சிவபெருமான் மேற்கே உறையூர்ப் பக்கம் திரும்பி மண்மாரி பொழிந்தார் என்பது கதை. தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு. பக்கத்து வீட்டுத் தொட்டியில் பூப்பறிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பூவுக்கு நந்தவனம் என்றால் காய்க்கு வீட்டுக் கொல்லை. உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் அகலம் குறைவு, உள்ளே நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டினால் கிணறு, துவைக்கிற கல், அதற்கப்புறம் கொல்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகும். கிணற்றடி ஈரத்தில் சேம்பு. வேலியில் பிரண்டை. பந்தலில் அவரை அல்லது புடலை. சுவரோரம் கறிவேப்பிலை. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. தண்ணீர் போகிற வழியே திட்டம்.

அந்தக் கொல்லைகளில் பழங்காலத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. திவசத் தளிகையைப் பாருங்கள். அமாவாசைப் படையலைப் பாருங்கள். வாழைக்காய், பாகல், புடலை, அவரை, கொத்தவரை, சேப்பங்கிழங்கு, பிரண்டை, பலா, மாங்காய், இஞ்சி. காரத்துக்கு மிளகு. மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, கோஸும் காரட்டும் கிடையாது. பழைய கோயில் மடப்பள்ளிகளிலும் காரத்துக்கு மிளகுதான். முன்னோருக்குச் சமைக்கும்போது முன்னோர் சாப்பிட்டதையே சமைக்கிறோம். அதனால் 500 ஆண்டுக்கு முந்தைய ஒரு காய்கறிப் பட்டியல் நம் அடுக்களையில் இன்னும் பிழைத்திருக்கிறது.

பாகல் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று பாட்டிமார் கணக்குச் சொல்வார்கள். விசுவாமித்திரர் 1008 காய்கறியுடன் சாப்பாடு கேட்டபோது அருந்ததி இந்த மூன்றோடு வேறு எட்டு காய்களைச் சமைத்துப் போட்டாளாம். எந்தச் செடிகளை வீட்டில் அவசியம் வைத்திருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. திவசப் பட்டியல் முழுக்க முழுக்க சரித்திரம் அல்ல. முருங்கை இந்தியாவிலேயே தோன்றிய மரம். மொரிங்கா என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது நம் 'முருங்கை'தான். இருந்தும் திவசத்தில் முருங்கைக்கு இடமில்லை. ஆக, ஆசாரக் காரணங்களும் உள்ளே கலந்திருக்கின்றன.

அடுத்த சான்று பெயர்கள். கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்டது 1492. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. அதற்குப் பின் வந்த போர்ச்சுகீசியக் கப்பல்களில் அமெரிக்கச் செடிகளும் வந்தன. காவிரி கடலில் சேரும் பக்கத்தில் உள்ள நாகப்பட்டினம், 1658இல் டச்சுக்காரர் பிடிக்கும்வரை போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. வந்த செடிகளுக்கு நம் ஜனங்கள் பெயர் வைத்த அழகைப் பாருங்கள்.

மிளகு மாதிரி காரமாக ஒரு காய் வந்தது, மிளகாய் ஆயிற்று. 'பறங்கி' என்றால் ஐரோப்பியன். பறங்கிமலை, பரங்கிப்பேட்டை எல்லாம் அந்தச் சொல்தான். அவன் கொண்டுவந்த காய் பறங்கிக்காய். நம் வள்ளிக்கிழங்கு மாதிரியே இருந்து தித்தித்தது, சர்க்கரைவள்ளி ஆயிற்று. மணத்தக்காளி நம் மண்ணின் செடி. அதன் பெயரையே பெரிய சிவப்புப் பழத்துக்கும் நீட்டிச் சீமைத்தக்காளி என்றார்கள், பிறகு சீமை உதிர்ந்துபோய்த் தக்காளி நின்றது. அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகியவை போர்ச்சுகீசியர் வாயில் இருந்த பெயர்கள் கொஞ்சம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவை. நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வரவு மலையிலிருந்து. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறி, சீமைக் காய்கறிகளை அங்கே பயிரிடவைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை மலை ரயில் 1899இல் வந்தது, 1908இல் ஊட்டிவரை நீண்டது. கோஸ், காரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கின. திருச்சியில் இன்றும் சில பெரியவர்கள் அவற்றை 'இங்கிலீஷ் காய்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு எதிராகப் பிறந்த சொல்தான் நாட்டுக்காய்.

அப்படியானால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்நியம், மற்றதெல்லாம் நாடு என்று கோடு போட்டுவிடலாமா? போட முடியாது. அவரையும் காராமணியும் ஆப்பிரிக்காவில் தோன்றியவை. வந்து 3000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் நமக்கு மறந்துவிட்டது. புளியும் ஆப்பிரிக்க மரம்தான். அரபு வியாபாரிகள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைக்கும் அளவுக்கு அது இங்கே வேரூன்றிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், பொங்கலன்று வைக்கும் கூட்டைப் பாருங்கள். பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் இல்லாமல் நம் பக்கத்தில் அந்தக் கூட்டு இல்லை. இரண்டும் அமெரிக்கா. திவசத்தில் பச்சைமிளகாயைத் தொடாத சில வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கு மட்டும் அனுமதி உண்டு.

பறங்கி எப்படி நம் காய் ஆயிற்று? யாரோ ஒரு அம்மாள் நன்றாக முற்றின காயிலிருந்து விதை எடுத்தாள். சாம்பல் புரட்டிக் காயவைத்தாள். சாணத்தில் பதித்துச் சுவரில் வரட்டி மாதிரி தட்டினாள். அடுத்த ஆடியில் அதைப் பிய்த்து நட்டாள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். பெண் புக்ககம் போகும்போது முந்தானையில் முடிந்துவிட்டாள். காராமணி, மொச்சை விதைகள் சுரைக்குடுக்கைக்குள் இருந்தன. பீர்க்கங்காய் முழுசாக அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது, அதனால் வண்டு அடிக்கவில்லை. இப்படி 400, 450 ஆண்டு நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் தாக்குப்பிடித்த செடியின் விதையே மறுபடி மண்ணுக்குப் போனதால், செடியும் நம் ஊர்ச் செடியாகவே மாறிவிட்டது.

என் கணக்கில் அதுதான் நாட்டுக்காய். எங்கிருந்து வந்தது என்பதைவிட, இங்கே விதை எடுத்து வைத்தார்களா என்பதே கேள்வி.

அந்தச் சங்கிலிதான் இப்போது அறுந்துகொண்டிருக்கிறது. கொல்லை இருந்த இடத்தில் பின்கட்டு எழுந்தது, பிறகு அடுக்குமாடி எழுந்தது. கிணற்றை மூடினார்கள். வண்டலுக்கு மேல் சிமெண்ட் போட்டார்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஓரத்தில் ஊதாக்கோடு ஓடிய பந்தல் அவரை இருந்தது. கொஞ்சம் கசப்பு தட்டும், வாசனை தூக்கும். வீட்டை விற்றபோது ஊஞ்சல் யாருக்கு, வெண்கலப் பானை யாருக்கு என்று பெரியவர்கள் பல நாள் பேசினார்கள். விதைக்குடுக்கையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அந்த அவரையை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் வீரிய ஒட்டு விதை, அதாவது ஹைப்ரிட். நன்றாகக் காய்க்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை தாயைப் போலவே வராது. ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக, காய் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வரும். எனவே ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்கவேண்டும். பல்கலைக்கழக ரகம் எல்லாமே இப்படி என்று நினைக்காதீர்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கியது. அதில் தாராளமாக விதை எடுக்கலாம்.

நம் டெல்டாவின் இளங்காட்டில் 1938இல் பிறந்த நம்மாழ்வார் ஐயா, 2013இல் மறையும்வரை ஊர் ஊராகப் போய் விதையைப் பற்றியே பேசினார். விதை எடுத்துவைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பெயர்ச்சீட்டு ஒட்டாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. விதை கையில் இருக்கவேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பட்டத்தில் எதைப் போடலாம்?

மாசி, பங்குனியில் போடக்கூடியவை: கொத்தவரை, வெண்டை, காராமணி, பாகல், புடலை, பீர்க்கை, வெள்ளரி. கீரையில் தண்டுக்கீரை, அரைக்கீரை. மணத்தக்காளி எப்போதும் வரும். இப்போதே போட்டால் மே மாதம் கத்திரி வெயில் தொடங்குமுன் வேர் பிடித்துக்கொள்ளும். மாடியில் கீரைக்கும் நாற்றுக்கும் நிழல்வலை கட்டுங்கள், திருச்சி வெயில் தெரியுமே. தண்ணீரை விடிகாலையில் ஊற்றுங்கள்.

இப்போது போடக்கூடாதது பந்தல் அவரை. பழைய அவரை ரகங்கள் பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். இப்போது போட்டால் கொடி மாடி முழுக்க ஓடும், காய் இருக்காது. அதை ஆடியில் போட்டால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பறங்கியும் ஆடியில் போட்டால் பொங்கலுக்கு ஆகும். குடகில் பெய்த மழை ஆடியில்தான் காவிரியாக நம் ஊருக்கு வரும், ஐப்பசி மழையும் பின்னாலேயே வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை.

சேப்பங்கிழங்கும் மஞ்சளும் சித்திரை, வைகாசியில் ஊன்றலாம். பிரண்டைக்கு ஒரு துண்டுத் தண்டும் உடைந்த தொட்டியும் போதும்.

விதை எடுக்க எளிய வழி. காராமணி, கொத்தவரை, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். முதன்முதலாக விதை எடுப்பவர்கள் இவற்றில் தொடங்குங்கள். பாகல், புடலை, பீர்க்கையில் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும், அதனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ரகம் மட்டும் வையுங்கள். நோயில்லாத நல்ல கொடியில் இரண்டாவது, மூன்றாவதாகக் காய்த்ததைப் பறிக்காமல் விடுங்கள். ஆசையாகத்தான் இருக்கும், விடுங்கள். கொடியிலேயே முற்றட்டும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பெயரும் மாதமும் எழுதி டப்பாவில் வையுங்கள்.

பத்துத் தொட்டி வைப்பவர்கள் எட்டில் உங்கள் ஆசைக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள். ஹைப்ரிட் போடுங்கள், குடைமிளகாய் போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இரண்டு தொட்டி மட்டும் விதைக்கு என்று ஒதுக்குங்கள்.

என்னிடம் இப்போது கொத்தவரை, வெள்ளைப் பாகல், தண்டுக்கீரை, மணத்தக்காளி விதைகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வெளியூர்ப் பிள்ளைகள் விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன். பதிலுக்கு உங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் என்னென்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். பெயரும் நிறமும் ருசியும் ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுதுங்கள். ஊதாக்கோடு ஓடிய அவரை யார் வீட்டிலாவது இன்னும் காய்க்கிறது என்றால், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்