இலங்கையின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மிகிந்தலையிலிருந்தே தொடங்குவர். மான் வேட்டைக்குச் சென்ற தேவநம்பியதீசன் மகிந்த தேரரைச் சந்தித்ததாக மகாவம்சம் கூறும் நிகழ்ச்சியும், அநுராதபுரத்தைச் சூழ ஏழு காவத எல்லையுள் உயிர்க்கொலை கூடாதென 12ஆம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் பறையறைவித்த செய்தியைத் தரும் கல்வெட்டும் சான்றுகளாகக் காட்டப்படும். பண்பாட்டு வரலாற்றில் இவற்றுக்குரிய இடத்தை எவரும் மறுக்கார். ஆயின், இன்று நடைமுறையிலுள்ள சட்டங்கள் அம்மரபின் நேரடி வழித்தோன்றல்கள் அல்ல. குடியேற்ற ஆட்சியின் காணிக் கொள்கையிலும், பெருந்தோட்டப் பொருளாதாரத்திலும், ஆங்கில உத்தியோகத்தரின் வேட்டைப் பொழுதுபோக்கிலும் அவற்றின் வேர்கள் உள்ளன. எனவே, இச்சட்டங்கள் எதனைக் காக்கின்றன என்ற வினாவோடு, யாருக்காக, யாரிடமிருந்து காக்கின்றன என்ற வினாவையும் எழுப்புதல் அவசியமாகின்றது.

இவ்வரலாற்றின் முதற்படி விலங்குகள் பற்றியதன்று, நிலம் பற்றியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடந்த காணிகள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியவை எனக் கொண்டது. விறகும் தேனும் மருந்து மூலிகையும் இறைச்சியும் காட்டிலிருந்து பெற்ற கிராமத்தவர்களிடம் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. சுழற்சி முறையிற் சேனைப் பயிர் செய்த குடியானவர்களின் நிலையும் அதுவே. வழக்காற்று உரிமை எழுத்துச் சான்றின் முன் வலுவிழந்தது. காட்டின் உடைமையாளனாக அரசு மாறியபின்னரே, காட்டுள் நுழைபவன் குற்றவாளி என்னும் சட்டக் கருத்து சாத்தியமாயிற்று.

அவ்வாறு பெற்ற காட்டை அரசு உடனே பாதுகாக்க முற்படவில்லை. மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டு எரிக்கப்பட்டன. யானை பயிர்ப்பகையாகக் கருதப்பட்டதால், அதனைக் கொல்வோருக்கு அரசே வெகுமதி வழங்கியது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500க்கு மேற்பட்ட யானைகளும், தென்மாகாணத்தில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000 யானைகளும் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டதாகச் சேர் எமேர்சன் ரெனன்ற் குறித்துள்ளார். 1845இல் இறந்த மேஜர் றோஜர்ஸ் என்னும் உத்தியோகத்தர் தனியொருவராக ஏறக்குறைய 1,400 யானைகளைக் கொன்றவர் எனக் கூறப்படுவதுண்டு. சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களையே நூலாக்கிப் புகழ் பெற்றார். எனவே, வனவிலங்குகளின் பேரழிவுக்குக் கிராமத்தவரின் பொறியும் வில்லும் காரணமாயின என்ற கருத்து இக்காலப் பகுதிக்குச் சிறிதும் பொருந்தாது.

அழிவின் விளைவுகள் புலப்பட்டபோதே பாதுகாப்பு என்ற எண்ணம் எழுந்தது. தாவரவியலாளர் யோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பது தடைசெய்யப்பட்டது. மழையும் நீரூற்றும் குன்றினால் தோட்டங்களே பாதிக்கப்படும் என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருந்தது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. யானை, எருமை முதலியவற்றை வரைமுறையின்றிக் கொல்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1891இல் நிறைவேறியது. 1894இல் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். சங்கத்தின் பெயரே அதன் நோக்கத்தை உணர்த்துகின்றது. விலங்குகள் காக்கப்பட வேண்டியிருந்தது, பிற்காலத்தும் வேட்டையாட அவை எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதற்காகவே.

இந்நோக்கின் தெளிவான வடிவத்தை அம்பாந்தோட்டை மாவட்டத்தைச் சார்ந்த யாலவிற் காணலாம். 1900இல் அங்கு ஒரு சரணாலயம் வரையறுக்கப்பட்டது. அதனை அடுத்த பரப்பு, நாட்டில் வதிந்த வேட்டைக்காரக் கனவான்களுக்கென ஒதுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரமும் துப்பாக்கியும் உடையவன் விளையாட்டு வீரன். பசிக்காக மானைக் கொன்றவன் களவு வேட்டைக்காரன். செயல் ஒன்றே, சட்டம் அதற்கு இட்ட பெயர்கள் இரண்டு. 1908 முதல் 1911 வரை அம்மாவட்டத்தில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், சேனைக்கும் வேட்டைக்கும் அனுமதி வேண்டி அதிகாரியின் தயவில் வாழ்ந்த மக்களை நேரிற் கண்டவர். 1913இல் வெளிவந்த அவருடைய நாவல் அம்மக்களின் அழிவையே பொருளாகக் கொண்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்திய கையே அச்சட்டத்தின் கொடுமையையும் எழுத நேர்ந்தமை கவனத்திற்குரியது.

இன்றுள்ள சட்ட அமைப்பின் அடித்தளம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். டொனமூர் அரசியலமைப்பின் கீழ், டி. எஸ். சேனநாயக்கா காணி, விவசாய அமைச்சராக இருந்த காலத்தில் அது நிறைவேறியது. வேட்டை விலங்கு என்ற குறுகிய எல்லையைக் கடந்து, விலங்கினம், தாவரம், அவற்றின் வாழிடம் ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தினுள் கொணர்ந்தமை அதன் சிறப்பு. மனித நடமாட்டமே தடைசெய்யப்பட்ட கண்டிப்பான இயற்கை ஒதுக்கிடம், பார்வையாளர் செல்லக்கூடிய தேசியப் பூங்கா, அனுமதிப்பத்திரத்துடன் வேட்டையாடக்கூடிய இடைவலயம் என அது நிலத்தை வகுத்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. ஆயினும் இடைவலயம் என்ற ஏற்பாட்டினுள் பழைய வேட்டைக் கனவானின் நிழல் நீடித்தது. காட்டில் வாழ்பவனுக்கு அவ்வகுப்புகள் எதிலும் இடமிருக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னர், 1949இல் வனவிலங்குகளுக்கெனத் தனித் திணைக்களம் உருவாயிற்று. பண்டைய இலங்கையின் வரலாற்றுப் புவியியலை ஆராய்ந்த சி. டபிள்யூ. நிக்கலஸ் அதன் முதற் பொறுப்பாளரானார். அதே காலத்திற் கல்லோயாத் திட்டம் பெருங்காடுகளை வயல்களாக மாற்றியது. நீரேந்து பரப்பைக் காக்க 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. மகாவலித் துரித அபிவிருத்தியின்போதும் இதுவே நிகழ்ந்தது. 1983இல் மாதுறு ஓயாவும் 1984இல் வஸ்கமுவவும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அபிவிருத்தி அழித்த காட்டுக்கு ஈடாகவே பூங்கா தோன்றியது எனலாம்.

அந்த ஈட்டின் விலையைக் கொடுத்தோர் வேடர்கள். மாதுறு ஓயாப் பூங்காவின் எல்லைக்குள் அவர்களுடைய வேட்டை நிலங்கள் அடங்கின. குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தம்பானை வேடர்தம் தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு தம் இடத்தை விட்டகல மறுத்தார். தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த காட்டில், தேன் எடுப்பது குற்றமாயிற்று. அணைக்கட்டுக்காக அழிந்த பரப்போடு ஒப்பிடின் அவர்கள் எடுத்தது எம்மாத்திரம்?

இவ்வாறு கூறுவதாற் சட்டமே வேண்டாமென்று கொள்ளலாகாது. 1956இல் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 44 வீதமாக இருந்த காடு, 20ஆம் நூற்றாண்டின் முடிவில் மூன்றிலொரு பங்கிலும் குறைந்துவிட்டது. வலிய சட்டமின்றி எஞ்சியதும் நில்லாது. ஆனால், சட்டம் எவ்வாறு வலிமை பெறுகின்றது என்பதே வினா. சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக மரம் வெட்டுவது 1977இல் நின்றமைக்குப் பொதுமக்களின் எதிர்ப்பு ஒரு முக்கிய காரணம். தேசிய மரபுரிமை வனப் பிரதேசங்கள் சட்டம் 1988இல் வந்தது; அவ்வாண்டிலேயே சிங்கராஜ உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது. அங்கே மக்களின் குரல் முந்தியது. சட்டம் பின்னே வந்தது.

யானைப் பிரச்சினையும் இதையே உணர்த்துகின்றது. யானைகள் நடமாடும் பரப்பு நாட்டின் ஏறக்குறைய 60 வீதம் என்றும், அப்பரப்பில் 70 வீதமளவு மக்கள் வாழுமிடம் என்றும் 2021இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பூங்காவுள் விலங்கு, வெளியே மனிதன் என்ற 1937ஆம் ஆண்டின் பிரிப்பு யானைக்குப் புரிவதில்லை. 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். மனிதரும் யானைகளும் ஒரே நிலத்தைப் பகிர்வதை ஏற்கும் முகாமைசெய்யப்பட்ட யானை ஒதுக்கிடம் என்னும் வகை, 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினூடாகவே இடம்பெற்றது. அவ்வகையில் ஓர் ஒதுக்கிடத்தைப் பிரகடனம் செய்யுமாறு கோரி 2021இன் தொடக்கத்திற் சத்தியாக்கிரகம் இருந்தோர் அம்பாந்தோட்டை விவசாயிகள். அவ்வாண்டிலேயே வர்த்தமானி வெளிவந்தது.

1900இல் எந்த மாவட்டத்தின் குடியானவனிடமிருந்து விலங்குகளைக் காக்கச் சட்டம் முற்பட்டதோ, அதே மாவட்டத்தின் குடியானவன் 121 ஆண்டுகளின் பின் அதே சட்டத்தைத் தன் பாதுகாப்பாகக் கோரி வீதியில் அமர்ந்தான். மக்களைக் காட்டின் பகைவராகக் கருதிய சட்டத்துக்குக் காவலாளிகள் தேவைப்பட்டனர். மக்களைப் பங்காளிகளாக ஏற்கும் சட்டத்துக்கு மக்களே காவலாவர். இவ்வுண்மையை நம் சட்டவாக்கம் முழுமையாக உணர்ந்துவிட்டதெனக் கூற முடியாது. தம்பானை வேடனின் தேனடை இன்னும் அதற்கு விடையாகக் காத்திருக்கின்றது.