கவுண்டமணி

கவுண்டமணி (பிறப்பு: மே 25, 1939) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் சுப்பிரமணியன். நாடக மேடையிலிருந்து திரைத்துறைக்கு வந்த இவர், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மறுமொழி கூறும் எதிர்ப்பேச்சு முறையால் அறியப்படுகிறார். நடிகர் செந்திலுடன் இணைந்து இவர் நடித்த நகைச்சுவைக் காட்சிகள் 1980களிலும் 1990களிலும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

பிறப்பும் நாடக வாழ்க்கையும்

கவுண்டமணி உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள வல்லகுண்டாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. இளம் வயதிலேயே நாடகக் குழுக்களில் சேர்ந்து நடித்தார்.

இவரது பெயருக்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. மேடையில், எழுதப்பட்ட வசனத்தில் இல்லாத மறுமொழிகளை அவ்வப்போது கூறி வந்ததால் 'கவுண்டர் மணி' என அழைக்கப்பட்டு, அது கவுண்டமணி என மருவியது என்பது ஒன்று. நாடகமொன்றில் ஊர்க் கவுண்டர் வேடம் ஏற்றதால் இப்பெயர் வந்தது என்பது மற்றொன்று.

திரைப்பட வாழ்க்கை

1960களில் சில படங்களில் சிறு வேடங்களில் தோன்றினார். பாரதிராஜாவின் 16 வயதினிலே (1977) திரைப்படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற பரட்டை என்னும் பாத்திரத்தின் கூட்டாளியாக நடித்தது இவரை அடையாளம் காட்டியது. அப்போது இவருக்கு வயது 38. அடுத்த ஆண்டு வெளிவந்த கிழக்கே போகும் ரயில் திரைப்படத்திலும் நடித்தார். கொங்குப் பகுதியைச் சேர்ந்த கே. பாக்யராஜ், அப்படத்தில் தமது பரிந்துரையால் இவருக்கு வாய்ப்புக் கிடைத்ததாகக் கூறியுள்ளார்.

ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய வைதேகி காத்திருந்தாள் (1984) திரைப்படத்தில் 'ஆல் இன் ஆல் அழகுராஜா' என்னும் மிதிவண்டிக் கடைக்காரராக நடித்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை வைத்து அமைந்த காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. கங்கை அமரன் இயக்கிய கரகாட்டக்காரன் (1989) திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சி இவ்விணையின் புகழை உச்சத்திற்குக் கொண்டு சென்றது. ஏ. வீரப்பன் எழுதிய நகைச்சுவைப் பகுதிகள் இவ்வெற்றிக்குப் பெரிதும் துணை நின்றன.

நடிப்பு முறை

உடல் அசைவுகளை விடக் குரலையும் நேரக்கணிப்பையும் சார்ந்தது இவரது நடிப்பு. மிதிவண்டிக் கடைக்காரர், சலவைத் தொழிலாளி, தவில் கலைஞர் போன்ற எளிய மனிதர்களாகவே பெரும்பாலும் தோன்றினார். அப்பாத்திரங்கள் ஊர்ப் பெரியவர்களையும் அரசியல்வாதிகளையும் மூடநம்பிக்கைகளையும் தயங்காமல் கேலி செய்தன. கோவை வட்டாரத்தைச் சேர்ந்தவர்களான சத்யராஜ், மணிவண்ணன் ஆகியோரின் படங்களிலும் காணப்படும் நையாண்டிப் பேச்சுடன் இவரது பாணி ஒப்பிடப்படுவதுண்டு.

இவரது நகைச்சுவை விமர்சனத்திற்கும் உள்ளானது. செந்திலை உதைப்பதும், பிறரின் நிறம், தோற்றம் ஆகியவற்றை இழித்துப் பேசுவதும் பல காட்சிகளில் சிரிப்புக்காகப் பயன்படுத்தப்பட்டன. அதிகாரத்தில் இருப்பவரைக் கேலி செய்த அதே குரல் எளியவரையும் புண்படுத்தியது என்பதே இவ்விமர்சனத்தின் சாரம்.

பிற்காலம்

2000களில் இவர் நடித்த படங்களின் எண்ணிக்கை குறைந்தது. சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பின், விவசாய நிலங்கள் பறிபோவதைப் பேசும் 49-ஓ (2015) திரைப்படத்தில் முதன்மை வேடம் ஏற்றார். எனக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது (2016), ஒத்த ஓட்டு முத்தையா (2025) ஆகிய படங்களிலும் முதன்மை வேடத்தில் நடித்தார். ஊடகங்களுக்கு இவர் பேட்டி அளிப்பது மிக அரிது.

குறிப்பிடத்தக்க சில திரைப்படங்கள்

* 16 வயதினிலே (1977)
* கிழக்கே போகும் ரயில் (1978)
* பயணங்கள் முடிவதில்லை (1982)
* வைதேகி காத்திருந்தாள் (1984)
* கரகாட்டக்காரன் (1989)
* நடிகன் (1990)
* சின்ன கவுண்டர் (1992)
* மன்னன் (1992)
* ஜென்டில்மேன் (1993)
* நாட்டாமை (1994)
* உள்ளத்தை அள்ளித்தா (1996)
* இந்தியன் (1996)
* 49-ஓ (2015)