கடிவாளம் பிடித்த கை



போரில் வெற்றி முன்னால் நிற்பவராலா, பின்னால் நிற்பவராலா? எதிரணித் தலைவர் வாளைச் சுழற்றினார், வேலை எறிந்தார், கடைசியில் குதிரை ஏறிப் பறந்தே போய்விட்டார். ஏறினீங்களே ஐயா, அந்தக் குதிரைக்குக் காலையில கொள்ளு வச்சது யாருங்க? (கைதட்டல்)

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று இதைப் பேச எனக்கென்ன தயக்கம்? வீட்டுக்கு வீடு பென்னிகுயிக் படம் மாட்டியிருக்கிறீர்கள். அவரும் ராணுவத்துக்காரர்தான், பொறியாளர். 1895இல் பெரியாற்றுத் தண்ணீரைத் திருப்பி விட்டார். அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்று யாராவது கேட்டதுண்டா? தண்ணி கொடுத்தார், பொங்கல் வைக்கிறோம்.

போடியிலிருந்து குரங்கணி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஜீப் போகாத மலைக்கு மூட்டை போவது குதிரை முதுகில். இரண்டு பக்கமும் கனம் சமமாக இருக்கணும். ஒரு பக்கம் கூடினால் சேணம் புரளும், முதுகு புண்ணாகும். புண் ஆறுகிற வரை அது சுமக்காது. மூட்டை கட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கைவேலைதான் 1939இல் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் அதற்குள் மோட்டார் லாரிக்கு மாறிவிட்டது. பிரான்ஸில் பனியும் சேறும். லாரி மாட்டிக்கொண்டால்? இந்தியாவிலிருந்து கோவேறு கழுதைக் கம்பெனிகளைக் கூப்பிட்டார்கள். 'கே 6 படை' என்று பெயர். 1939 டிசம்பர் 26, மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். பெரும்பாலும் பஞ்சாப் முஸ்லிம்கள். நம்ம ஊர்க்காரர் இல்லையே என்கிறீர்களா? தொழில் நம்ம ஊர்த் தொழில்தானுங்க.

அந்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து உடம்பைத் தேய்த்துவிடணும். ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி லாடம் பார்க்கணும். முதலில் தண்ணீர், பிறகு தீனி. அதற்கு வைத்த பிறகுதான் தனக்கு ரொட்டி. பழகாத ஊர், பழகாத குளிர்.

1940 மே மாதம். மேலே ஜெர்மன் விமானம் குண்டு போடுகிறது, தரையிலிருந்து பீரங்கி. ஜமேதார் மௌலா தாத் கான் என்பவர் ஆட்களையும் விலங்குகளையும் ஒழுங்குபடுத்திச் சாலையைவிட்டு இறக்கி மறைவுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பதக்கம் கிடைத்தது. அந்த இரைச்சலில் மிரண்ட விலங்கைக் கையில் பிடித்து நிறுத்துவது என்றால் சும்மாவா? வாள் சுழற்றுவதைவிடக் கஷ்டம்!

டன்கிர்க் கரைக்கு வந்தால் கப்பலில் மனுஷனுக்கே இடமில்லை. விலங்குகளை விட்டுவிட்டு வா என்று உத்தரவு. ஐந்து மாசம் கூடவே கிடந்த ஜீவன். கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருப்பானா? என்னால் நம்ப முடியவில்லை. 22ஆம் கம்பெனி அதுகூட இல்லாமல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. தப்பியவர்கள் பிரிட்டனில் வருஷக்கணக்கில் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கிங்யூசி என்ற ஊரில் இவர்களில் 9 பேருக்குக் கல்லறை இருக்கிறது. 2017இல் டன்கிர்க்கைப் பற்றி ஒரு பெரிய ஆங்கிலப் படம் வந்ததே, அதில் இவர்களைத் தேடினேன். ஒருத்தரையும் காணோம்.

சரி, இப்படிப்பட்ட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாண்டிய நாட்டைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஒரு ராஜா மட்டும் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை. ஏன்? பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. லாடக்காரன் இங்கே வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம்! செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்? (சிரிப்பு) கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார் மனுஷர். ஆனால் கஜானா காலியானது வாள் இல்லாததாலா?

முதல் உலகப் போருக்கு இந்தியாவில் எடுத்த ஆட்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் சண்டையிடாதவர்கள் 5,63,369 பேர். கிட்டத்தட்ட பத்தில் நாலு பேர்! குதிரைக்காரன் அதிலும் கடைசி வரிசை, சமையல்காரரோடும் சலவைக்காரரோடும் சேர்த்து.

அவனுக்கும் பின்னால் ஒருத்தி உண்டு. பழைய ராணுவத்தில் குதிரைக்கு ஒரு குதிரைக்காரன், புல் அறுக்க ஓர் ஆள். வடக்கே அது ஆண் வேலை. நம்ம சென்னை மாகாணத்தில் பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவி! படை ஊர் ஊராக நகரும். அவள் அரிவாளோடு வரப்பு வரப்பாகத் தேடி அறுத்துக் கட்டுச் சுமந்து பின்னாலேயே வருவாள். எதிரணித் தலைவர் அவர்களே, அந்தம்மாவை எந்த அணியில் சேர்ப்பீங்க?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். உட்கார்ந்துடறேன்.