கடதாசிகளைக் காக்கும் கட்டளை வரிகள்

யுத்தத்தின் பின் ஒரு குடும்பத்தின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கடதாசிதான். பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழு அனுப்பிய கடிதம், கிராம சேவகர் ஒப்பமிட்ட உறுதிப்படுத்தல், காணி உறுதி, மங்கிப்போன அடையாள அட்டைப் பிரதி. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குப் போனாலும் சரி, காணிப் பிணக்குக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் சரி, எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கின்றார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று நீளும் இந்தக் கரையில் 1990இன் வன்முறையும் இடப்பெயர்வும் ஒருமுறை வீட்டுப் பெட்டிகளை வெறுமையாக்கின. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து மிச்சத்தைக் கொண்டுபோனது.

அதனால் இப்போது பலரும் ஸ்கேன் செய்து வைக்கின்றார்கள். பாண்டிருப்பில் அப்படிச் சேர்ந்த ஆவணங்கள் உள்ள கணினியொன்றை நான் பராமரித்து வருகின்றேன். தமிழ்க் குடும்பங்களினதும் முஸ்லிம் குடும்பங்களினதும் கடதாசிகள் அதில் இருக்கின்றன. கணினிக்குள் போட்டுவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கையோடுதான் எல்லோரும் வருகின்றார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதற்கு நம் நாட்டு அரசாங்கமே சாட்சி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கேட்கும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. அவை போனவை போனவைதான்.

இந்த வேலைக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. லினக்ஸ் கணினியின் கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகளே போதும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதினால் அதுதான் ஸ்கிரிப்ட். 1989இல் பிரயன் பொக்ஸ் எழுதி வெளியான பாஷ் இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அந்த ஸ்கிரிப்டை வாசித்து நடத்துகின்றது. மனிதன் களைத்துப்போன நாளில் மறந்துவிடும் படிகளை ஸ்கிரிப்ட் மறப்பதில்லை. பிழையான கட்டளையையும் அதே விசுவாசத்தோடு செய்து முடிக்கும் என்பது அதன் மறுபக்கம்.

முதல் வேலை பிரதி எடுப்பது. அதற்கு ஆர்சிங்க் என்ற கட்டளை. அன்ட்ரூ ட்ரிஜல், போல் மக்கெராஸ் என்ற இருவர் 1996இல் வெளியிட்டது. மாறிய கோப்புக்களை மட்டும் நகர்த்துவதே அதன் பலம். ஆயிரம் கோப்புக்களில் மூன்று புதியவை என்றால் மூன்றுதான் போகும். பாதிவழியில் மின்சாரம் நின்றால் அடுத்த முறை மிச்சத்திலிருந்து தொடரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இது சிறிய வசதியல்ல.

இந்தக் கட்டளையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மூலத்தில் இல்லாததைப் பிரதியிலிருந்தும் அழி என்று சொல்லும் 'டிலீட்' தெரிவு ஒன்று. வெளி வன்தட்டு சரியாகப் பொருந்தாமல் மூலக் கோப்புறை வெறுமையாகத் தெரியும் நேரத்தில் இந்தத் தெரிவோடு ஓடினால், நல்ல பிரதியும் வெறுமையாகிவிடும். ஒரே தடவையில் அழிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு எல்லை வைக்கும் 'மெக்ஸ் டிலீட்' தெரிவு இருக்கின்றது. எங்கள் ஸ்கிரிப்டில் அழிக்கும் தெரிவையே நான் சேர்ப்பதில்லை; வன்தட்டில் இடம் மலிவு, காணி உறுதி மலிவல்ல. மற்றது, கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் மட்டுமே ஆர்சிங்க் வழமையாக ஒப்பிடுகின்றது என்பது. பழைய தட்டில் உள்ளடக்கம் சிதைந்து, அளவும் நேரமும் அப்படியே இருந்தால் அதற்குத் தெரியாது.

அந்த இடைவெளியை அடைக்க ஷா 256 என்ற கணிப்பு. ஒரு கோப்பைக் கொடுத்தால் 64 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு கைரேகை வரும். கோப்பில் ஒரேயொரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். ஸ்கேன் செய்த அன்றே எல்லாக் கோப்புக்களின் கைரேகைகளையும் ஒரு பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். பின் மாதம் ஒருமுறை அதே கட்டளையைச் 'செக்' தெரிவோடு ஓட்டினால், பழுதான கோப்பின் பெயரை அது தானே சொல்லும். பழுதானதை மற்றப் பிரதியிலிருந்து எடுத்து வைக்கலாம். இந்தப் பட்டியலைத் திகதி போட்டு அச்சிட்டு வைப்பதிலும் ஒரு பயன் உண்டு. இது அன்று ஸ்கேன் செய்த கோப்புத்தான், பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று பின்னொரு நாள் காட்ட அது உதவும்.

பிரதிகள் எங்கே இருக்க வேண்டும்? அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். நமக்கு 'வேறு இடம்' என்பதன் பொருளைக் கடல்தான் சொல்லித் தந்தது. கரையோர வீதியில் இருக்கும் இரண்டு வீடுகள் இரண்டு இடங்களல்ல. மட்டக்களப்பிலோ கண்டியிலோ கனடாவிலோ உள்ள ஓர் உறவினரின் அலுமாரிதான் வேறு இடம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களைப் பற்றி ஆங்கிலக் கைந்நூல்களில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

லினக்ஸின் வழமையான கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று வேண்டும். 'கொ' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு, ஆகவே ஆறு பைட். மொத்தத்தில் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். விண்டோஸில் அந்த எல்லை 255 குறியீடுகள். அதனால் விண்டோஸ் கணினியில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆவணத்தின் வகை என்று நீளமாகப் பெயரிட்ட கோப்பு லினக்ஸ் தட்டுக்குப் போகாது. பெயர் நீளம் என்ற ஒரு வரிப் பிழையோடு அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவை போய்விடும். அந்த வரியை யாரும் வாசிக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பிரதி இல்லை.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத சிக்கல். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அவற்றிலிருந்து வந்த கோப்புக்களைத் தேடும்போது கண்முன்னே இருக்கும் பெயர் 'இல்லை' என்று பதில் வரும். 'கன்வ் எம்வி' என்ற கட்டளை பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அது முதலில் என்ன செய்யப்போகின்றேன் என்று காட்டிவிட்டு நின்றுவிடும், சோதனை வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் உண்மையில் மாற்றும். நல்ல பழக்கம்.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கடிதங்களும் பட்டியல்களும் இன்னும் ஏராளம். பாமினியில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். பார்த்தவர் கோப்பு பழுது என்று நினைத்து அழித்துவிடுவார். மாற்றி எழுதும் சிறு ஸ்கிரிப்ட் போதும், ஆனால் ஒழுங்கு முக்கியம். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், ஒருங்குறியில் பின்னால். 'கொ' என்பதைக் கொம்பு, ககரம், கால் என்ற மூன்றாகச் சேர்த்துத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகே இரண்டெழுத்துச் சேர்க்கை, கடைசியில் தனியெழுத்து. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை வைத்திருக்க வேண்டும்.

எங்கள் கணினியில் கோப்பின் பெயர் திகதியில் தொடங்கும், வருடம் முதலில், பிறகு மாதம், நாள். அடுத்து ஒரு குடும்ப இலக்கம். ஆளின் பெயர் கோப்புப் பெயரில் இல்லை. ஒரே ஆளின் பெயர் தமிழில் ஒரு விதமாகவும், சிங்களத்திலிருந்து திரும்பி வந்த கடிதத்தில் இன்னொரு விதமாகவும், ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும் இருப்பது இங்கு சாதாரணம். இலக்கம் அந்தச் சிக்கலைத் தாண்டிப் போகின்றது. பாதுகாப்புக் காரணமும் உண்டு: கடவுச்சொல் போட்ட சிப் கோப்பில்கூட உள்ளே இருக்கும் கோப்புக்களின் பெயர்கள் வெளியே தெரியும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் தனியாக, முழுதாகக் குறியாக்கம் செய்யப்பட்ட தட்டில் இருக்கின்றது. கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே தட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பாஷ் தட்டியவற்றையெல்லாம் ஒரு கோப்பில் நினைவாக எழுதி வைக்கின்றது. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். வெளியே அனுப்பும் பிரதியில் அவற்றை எக்சிஃப் டூல் கொண்டு நீக்கலாம். மூலத்தில் நீக்கக் கூடாது, அது சான்று.

ஸ்கிரிப்டைத் தினமும் தானாக ஓடவைப்பது கிரான். அதன் குறை, குறித்த நேரத்தில் கணினி நின்றிருந்தால் அந்த நாளை விட்டுவிடும். இரவில் கணினியை நிறுத்தும் ஊரில் இரவு இரண்டு மணிக்குப் பிரதி எடுக்கச் சொல்வதில் பயனில்லை. அனாகிரான் விடுபட்டதை நினைவில் வைத்து, கணினி எழுந்ததும் செய்யும். கிரான் அட்டவணையில் சதவீதக் குறி போட்டால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். திகதியோடு பெயரிடும் கட்டளைகள் கையால் ஓடி, கிரானில் ஓடாமல் போவதற்கு இது ஒரு வழமையான காரணம்.

இன்னொரு பாதுகாப்பு: ஸ்கிரிப்டின் தலையில் 'செட்' கட்டளையோடு ஈ, யூ என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்ப்பது. முதலாவது, ஒரு படி தோற்றால் பெரும்பாலும் அங்கேயே நிற்கச் செய்யும். இரண்டாவது, மதிப்புக் கொடுக்கப்படாத மாறியைக் கண்டால் நிறுத்தும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்றில் கோப்புறையின் பெயர் வரவேண்டிய மாறி வெறுமையாகிப் பயனரின் கோப்புக்களையே அழித்தது வெளிவந்தது. அழிக்கும் கட்டளைக்கு முன் மாறி வெறுமையா என்று பார்க்கும் ஒரு வரி அங்கே போதுமாக இருந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் பிழையான கணினியில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். பிரதியைத் தேடியபோது, ஒழுங்காக ஓடுவதாக நினைத்திருந்த பிரதி ஸ்கிரிப்ட் பதிப்புப் பொருந்தாமல் வெறுமையாகவே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் வழியில் நிராகரிக்கப்பட்டிருந்தன. பிழை வந்தால் சொல் என்று ஸ்கிரிப்டிடம் கேட்பதால் மட்டும் பயனில்லை. எங்கள் ஸ்கிரிப்ட் வெற்றியாக முடிந்தால் மட்டும் ஒரு சிறு கோப்பில் திகதி எழுதும். கணினியைத் திறக்கும்போது வேறொரு ஸ்கிரிப்ட் அந்தத் திகதியைப் பார்த்து, மூன்று நாளுக்கு மேல் பழையது என்றால் திரையில் தமிழில் எச்சரிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ஷஃப்' கட்டளையால் குலுக்கல் முறையில் பத்துக் கோப்புக்களைத் தெரிவுசெய்து, வெளியூர்ப் பிரதியிலிருந்து எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கின்றோம். அந்த வேலையை நான் செய்வதில்லை. கணினியோடு அதிகம் பழகாத ஒருவர், அச்சிட்ட ஒரு பக்க வழிகாட்டியை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். அவர் எங்கே தடுமாறுகின்றாரோ அந்த வரியைத் திருத்தி மறுபடி அச்சிடுகின்றோம். குறியாக்கத்தின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியும். அதன் ஒரு பிரதி, ஒட்டிய கடித உறையில், கரையிலிருந்து தூரமான ஒரு வீட்டில் இருக்கின்றது.