'யெஸ்' அடிப்பதற்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியோட வரலாறு. டெர்மினலைத் திறந்து, எஸ்எஸ்எச் என்று அடித்து, ஒரு புது சர்வரின் பெயரைக் கொடுக்கிறீங்க. உள்ளே விடுவதற்கு முன் அது கேட்கும்: "இந்த மெஷின் உண்மையானதுதானா என்று உறுதி செய்ய முடியவில்லை. தொடரட்டுமா?" பெரும்பாலானவர்கள் படிக்காமலே 'யெஸ்' அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனா அந்த ஒரு வரி வந்து சேர 25 வருஷத்துக்கு மேல ஆச்சு.

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலீஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். 'லாகின்' என்று அடிக்க வேண்டும். எல் போச்சு, ஓ போச்சு, மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்க மெஷின் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுசா நுழைய முடிந்தது. இன்டர்நெட்டின் தாத்தாவான ஆர்பாநெட்டில் போன முதல் செய்தி இதுதான். கவனிச்சீங்களா, அது மெயில் இல்லை, படம் இல்லை. இன்னொரு ஊர் கம்ப்யூட்டருக்குள் போகிற முயற்சி.

அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும், விலையும் பயங்கரம். ஆளுக்கொன்று வாங்க முடியாது. அதனால் இருப்பதைத் தூரத்திலிருந்து பகிர்ந்துகொள்ள ஒரு பொது மொழி தேவைப்பட்டது. அப்படி வளர்ந்ததுதான் டெல்நெட்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் தனிநபர் டயல்-அப், 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். மலிவான வழி, ஷெல் கணக்கு. மோடத்தில் டயல் பண்ணினால் விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் மெஷினில் லாகின் ஆவீங்க. படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. வெறும் எழுத்து. விண்டோஸ் 95-இல் கூடவே வந்த ஹைப்பர்டெர்மினல் போதும்.

தருமபுரி மாவட்டத்தில் இருந்தால்? 1994-இல் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அது தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-இல். அந்தக் கல்லூரியில் படித்த ஒருவர் 1995-இல் ஷெல் கணக்கு வாங்கியிருந்தாலும், வெளியூருக்கு எஸ்டிடி போட்டுத்தான் உள்ளே போயிருக்க முடியும். கணக்குக்கு ஒரு காசு, போனுக்கு இன்னொரு காசு. அதனால் எஸ்டிடி கட்டணம் குறைகிற ராத்திரிதான் இன்டர்நெட் நேரம்.

எஸ்டிடி என்றதும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து பூத் ஞாபகம் வருதா? சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், வெளியே வரிசை. கதவு சரியாக மூடாத பூத்தில் நீங்க பேசுவது, பென்னாகரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் காதிலும் விழும். டெல்நெட்டும் அப்படித்தான். பாஸ்வேர்டு உட்பட எல்லாமே அப்பட்டமாகப் போகும். வழியில் காதை வைத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே எடுத்தார்கள். 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் புரோகிராமை வைத்து, ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனன் சில மாதங்களில் மாற்று ஒன்றை எழுதி, அதே ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதுதான் எஸ்எஸ்எச். டெல்நெட்டின் போர்ட் எண் 23, எஃப்டிபியின் எண் 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு மெயில் அனுப்பினார், கிடைத்துவிட்டது. நம்ம நாட்டில் ஷெல் கணக்கு விற்பனைக்கு வந்தது அடுத்த மாதம்! 1999-இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சும், விண்டோஸ்காரர்களுக்காக சைமன் டாத்தம் எழுதிய புட்டியும் வந்தன.

எஸ்எஸ்எச் பூத் கதவை இறுக்கிப் பூட்டியது. ஆனா ஒரு சிக்கல் பாக்கி. வெளியே யாருக்கும் கேட்காது, சரி. மறுமுனையில் போனை எடுத்தது யாரு? வீட்டுக்குப் போன் போட்டால் அம்மாவின் குரலை வைத்துக் கண்டுபிடிப்போம். சர்வருக்குக் குரல் என்பது அதன் கீ. அந்தக் கீயின் சுருக்கம்தான் திரையில் வரும் ஃபிங்கர்பிரின்ட். முதல் தடவை அந்தக் குரல் நம் மெஷினுக்குப் பழக்கமில்லை, அதனால் நம்மைக் கேட்கிறது. 'யெஸ்' சொன்னால் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த தடவை குரல் மாறியிருந்தால் கத்தும்.

அதாவது மொத்தப் பாதுகாப்பும் அந்த முதல் 'யெஸ்' மேலே நிற்குது. நடுவில் ஒருவர் சர்வர் வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தால், நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு பூட்டிய பெட்டியிலேயே பத்திரமாக அவர் கைக்குப் போகும். கதவைப் பூட்டி என்ன பிரயோஜனம்?

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஃபிங்கர்பிரின்ட்டை வேறு வழியில் வாங்குங்க: கிளவுட் கன்சோலில் பாருங்க, இல்லைன்னா சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு போன் போடுங்க. ரெண்டும் ஒத்துப்போனால் 'யெஸ்'. புட்டியில் இதே கேள்வி ஒரு பெட்டியாக வரும், அதுக்கும் இதே விதி. கீ மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், பழைய வரியை அழித்துவிட்டு உள்ளே போகும் வித்தை எல்லாருக்கும் தெரியும். சர்வரைப் புதுசா இன்ஸ்டால் பண்ணியிருந்தாலும் அந்த எச்சரிக்கை வரும்தான். ஆனா பண்ணினாங்களா என்று கேட்டுவிட்டு அழியுங்க.

இந்த வாரம் உங்க டீமில் புதுசா யாராவது சேர்ந்தால், பாஸ்வேர்டு கொடுக்கும்போது ஃபிங்கர்பிரின்ட்டையும் சேர்த்துக் கொடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.